கத்தியைக் கையில் கொடுக்கும் முன்

அமெரிக்காவின் ஓரிகன் மாநில மருத்துவ வாரியம் கொடுத்த ஒரு சான்றிதழ். இன்ன மருத்துவர் எங்களிடம் பதிவு செய்தவர்தான் என்று சொல்லும் சாதாரணக் காகிதம். அதன் கடைசியில் ஒரு வரி இருந்தது: பொது உத்தரவு ஒன்று கோப்பில் உள்ளது, இணைப்பைப் பார்க்கவும். 2003-ம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் காகிதம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநில மருத்துவ வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, இணைப்பு அதோடு இல்லை. அது எங்கே என்று ஓரிகனுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பதிவு வழங்கப்பட்டுவிட்டது.

விடுபட்ட பக்கங்களில்தான் விஷயமே இருந்தது. கல்லீரல், கணையம் உள்ளிட்ட சில அறுவை சிகிச்சைகளை இவர் செய்யக் கூடாது. சிக்கலான ஆபரேஷன் எதுவானாலும் முன்கூட்டியே இன்னொரு சர்ஜனின் கருத்தைக் கேட்க வேண்டும். 2000-ல் ஓரிகன் வாரியம் போட்ட உத்தரவு இது.

அந்த மருத்துவரின் பெயர் ஜெயந்த் படேல். குஜராத்தின் ஜாம்நகரில் மருத்துவம் படித்தவர். அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்றது அமெரிக்காவில். நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமலே ஆபரேஷன் செய்தார் என்று நியூயார்க் மாநிலம் 1984-லேயே அபராதம் விதித்துக் கண்காணிப்பில் வைத்தது. 1998-ல் போர்ட்லண்டில் அவர் வேலை பார்த்த மருத்துவமனைக் குழுமம் அவருடைய கைகளைக் கட்டிப்போட்டது. 2001-ல் நியூயார்க் உரிமத்தையும் ஒப்படைத்துவிட்டார். உங்கள் உரிமத்துக்கு எப்போதாவது கட்டுப்பாடு விதிக்கப்பட்டதா என்று குவீன்ஸ்லாந்து விண்ணப்பப் படிவம் கேட்டது. இல்லை என்று எழுதினார்.

பிரிஸ்பேனுக்கு வடக்கே கரும்புக்கும் ரம்முக்கும் பேர்போன ஊர் பண்டபெர்க். பெருநகர மருத்துவர்கள் வரத் தயங்கும் ஊர் என்பதால், ஆளெடுக்கும் ஏஜென்சிகள் மூலம் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்களை அழைத்து வருவது வழக்கம். படேல் 2003 ஏப்ரலில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். சேர்ந்த சூட்டோடு அறுவை சிகிச்சைத் துறையின் தலைவராகவும் ஆனார்.

இதில் கவனிக்க வேண்டியது, அங்கே விதி இல்லாமல் இல்லை. புதிதாக வரும் மருத்துவரின் தகுதிகளை ஒரு குழு உட்கார்ந்து ஆராய வேண்டும். அவர் இந்த மருத்துவமனையில் எந்தெந்த ஆபரேஷன்களைச் செய்யலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் விதி. குழுவில் சர்ஜன்கள் சங்கத்தின் பிரதிநிதி ஒருவர் வேண்டும் என்றிருந்தது. பிரதிநிதி அமையவில்லை, குழு கூடவில்லை. தற்காலிக அனுமதி என்ற பெயரில் அவர் கத்தியைப் பிடித்தார். அந்தத் தற்காலிகம் இரண்டு ஆண்டுகள் நீடித்தது.

மருத்துவமனை நிர்வாகத்தில் இதற்கு இரண்டு படிகள் உண்டு. முதல் படியை கிரெடென்ஷியலிங் என்பார்கள். எம்.பி.பி.எஸ். எங்கே, எம்.எஸ். எங்கே, கவுன்சில் பதிவு எண் என்ன, இதற்கு முன் எங்கே வேலை பார்த்தார், ஏன் விலகினார் என்பதையெல்லாம் சரிபார்ப்பது. இதில் ஒரு பொன்விதி உண்டு: வந்தவர் நீட்டும் ஜெராக்ஸை நம்பக் கூடாது, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்திடமும் பதிவு கொடுத்த கவுன்சிலிடமும் நேரடியாகக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது படி பிரிவிலேஜிங். ஆள் அசல் மருத்துவர்தான், சரி. இந்த மருத்துவமனையில், இங்கே இருக்கிற வசதிகளை வைத்துக்கொண்டு, அவர் என்னென்ன செய்யலாம்? கார் ஓட்ட லைசென்ஸ் வைத்திருப்பவரையெல்லாம் கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் பயணிகள் பேருந்தோடு ஏற்றிவிடுவோமா? பித்தப்பைக் கல்லை எடுப்பதில் கைதேர்ந்தவர் கணையத்தில் கைவைக்க அனுமதி தனியாக வேண்டும்.

பண்டபெர்க்கில் இந்த இரண்டாவது படி இல்லாததன் விளைவு உடனே தெரிந்தது. உணவுக்குழாயை வெட்டி எடுத்துவிட்டு இரைப்பையை மேலே இழுத்துத் தைக்கும் ஆபரேஷன், பொது அறுவை சிகிச்சையிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று. முடிந்த பிறகு நோயாளி பல நாட்கள் தீவிர சிகிச்சையில் கிடக்க நேரிடலாம். பண்டபெர்க் ஐ.சி.யூ.வோ ஒரு நோயாளியை வென்டிலேட்டரில் ஒன்றிரண்டு நாட்கள் வைத்திருந்துவிட்டு பிரிஸ்பேனுக்கு அனுப்பும் அளவுக்கே ஆட்களும் கருவிகளும் கொண்டது. படேல் வந்த இரண்டு மாதங்களுக்குள் அங்கே இந்த ஆபரேஷனைத் தொடங்கிவிட்டார். முதல் நோயாளி இறந்தார்.

ஐ.சி.யூ.வின் பொறுப்பு நர்ஸ் டோனி ஹாஃப்மன். இந்த ஆபரேஷனை இங்கே செய்யும் வசதி நம்மிடம் இல்லை என்று அவர் அப்போதே மேலிடத்தில் சொன்னார். பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நோயாளிகளை அனுப்ப படேல் சம்மதிக்கவில்லை. தைத்த வயிறு பிரிவது, புண்ணில் சீழ் வைப்பது எல்லாம் கூடிக்கொண்டே போயின. படேலின் கண்ணில் படாமல் நோயாளிகளை நர்ஸ்கள் மறைத்து வைக்கும் நிலை வந்தது என்றால் வார்டில் நிலவிய பயத்தைப் புரிந்துகொள்ளலாம். 2004 அக்டோபரில் ஹாஃப்மன் எல்லாவற்றையும் கடிதமாக எழுதிக் கொடுத்தார். நிர்வாகத்தின் பார்வையில் அது ஒரு நர்ஸுக்கும் ஒரு சர்ஜனுக்கும் இடையிலான ஒத்துவராத தன்மை. அதோடு, அரசு நிர்ணயித்த ஆபரேஷன் இலக்கை எட்டினால் மருத்துவமனைக்குக் கூடுதல் நிதி கிடைக்கும். படேல் வேகமாக ஆபரேஷன் செய்கிறவர். தன்னால் எவ்வளவு பணம் வருகிறது தெரியுமா என்று அவரே பெருமை பேசியிருக்கிறார். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் கடிதம்கூட அவருக்குப் போனது.

2005 மார்ச்சில் ஹாஃப்மனின் கடிதத்தை எதிர்க்கட்சி உறுப்பினர் ராப் மெசெஞ்சர் மாநில நாடாளுமன்றத்தில் வெளியிட்டார். சில நாட்களில் படேல் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார். டிக்கெட் செலவு மருத்துவமனையுடையது. ஏப்ரலில் பிரிஸ்பேனின் ‘கூரியர் மெயில்’ நிருபர் ஹெட்லி தாமஸ், கூகுளில் படேலின் பெயரைத் தட்டிப் பார்த்தார். ஓரிகன், நியூயார்க் உத்தரவுகள் திரையில் வந்து நின்றன. அரசும் மருத்துவமனையும் இரண்டு ஆண்டுகளில் செய்யாத சரிபார்ப்பு, ஒரு நிருபருக்குச் சில நிமிட வேலையாக இருந்தது.

ஓய்வுபெற்ற நீதிபதி ஜெஃப்ரி டேவிஸ் தலைமையிலான ஆணையம் அதே ஆண்டு நவம்பரில் அறிக்கை கொடுத்தது. ஆவணங்களை ஆராய்ந்த சர்ஜன் ஒருவர், 13 பேரின் மரணத்தில் படேலின் தரம் குறைந்த சிகிச்சைக்குப் பங்கு உண்டு என்று கருத்துச் சொன்னார். நீதிமன்றத்தில் கதை வேறு பாதையில் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2010-ல் மூன்று மரணங்களுக்காக ஏழு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். விசாரணையின் நடுவே அரசுத் தரப்பு தன் வாதத்தையே மாற்றிக்கொண்டதால் நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று 2012-ல் உயர்நிலை நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுவிசாரணை ஒன்றில் விடுதலை. கடைசியில் அவர் ஒப்புக்கொண்டது, தன் கடந்த காலத்தை மறைத்துப் பதிவும் வேலையும் பெற்ற மோசடியை மட்டும். 2015-ல் ஆஸ்திரேலியாவில் இனி எப்போதும் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று தடை வந்தது.

ஆக, குற்றவியல் நீதிமன்றத்தில் நிலைத்து நின்றது விண்ணப்பப் படிவத்தில் எழுதிய பொய்தான். தவறாகச் செய்யப்பட்ட ஆபரேஷன் குற்றமா, திறமைக் குறைவா, துரதிர்ஷ்டமா என்று பின்னால் பிரித்துப் பார்ப்பது படாத பாடு. முன்கூட்டியே ஒரு ஃபோன் போட்டுக் கேட்பது எளிது. குவீன்ஸ்லாந்துக்கு இந்தப் பாடம் செலவோடு கிடைத்தது. மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக இருந்த பதிவு முறை 2010 ஜூலை முதல் நாடு முழுவதற்கும் ஒன்றாக்கப்பட்டது. ஹாஃப்மனுக்கு 2006-ல் ‘ஆஸ்திரேலியாவின் உள்ளூர் நாயகர்’ விருது கிடைத்தது. இடையில், அங்கே ஒழுங்காக வேலை பார்த்துவந்த இந்திய மருத்துவர்கள் பலர் சந்தேகப் பார்வைகளைச் சகிக்க வேண்டியிருந்தது. படேல் சர்ஜன் ஆனதும் சறுக்கியதும் அமெரிக்காவில் என்பது தலைப்புச் செய்திகளில் எடுபடவில்லை.

ஒரு மருத்துவரின் வேலையை இன்னொருவர் அளந்து பார்ப்பது என்ற யோசனைக்கே மருத்துவ உலகில் நூறாண்டு எதிர்ப்பு உண்டு. பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்றொரு சர்ஜன் இருந்தார். ஆபரேஷன் முடிந்த ஒவ்வொரு நோயாளியையும் ஓராண்டு கழித்துக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், குணமாகாவிட்டால் ஏன் என்று எழுதி வைக்க வேண்டும், அதை வெளியிடவும் வேண்டும் என்றார். இதை இன்றைக்குக் கேட்டால் இதில் என்ன புதுமை என்று தோன்றும். அன்றைக்கு அது கலகம். அவர் வேலை பார்த்த மருத்துவமனை கேட்காததால் தானே ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினார். 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 நோயாளிகளில் 123 தவறுகள் நடந்ததாகத் தானே அச்சிட்டு வெளியிட்டார். 1915-ல் ஒரு மருத்துவர் கூட்டத்தில், பணக்கார நோயாளிகளை மணலில் தலைபுதைத்துப் பொன்முட்டையிடும் நெருப்புக்கோழியாக வரைந்த பெரிய கேலிச்சித்திரத்தைத் திரை விலக்கிக் காட்டினார். ஹார்வர்டில் இருந்த பதவி போயிற்று. 1940-ல் அவர் இறந்தபோது கல்லறையில் ஒரு பெயர்க்கல்கூட வைக்கப்படவில்லை. 2014-ல்தான் வைத்தார்கள்.

அவருடைய யோசனை மட்டும் சாகவில்லை. அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி, மருத்துவமனைகளுக்குக் குறைந்தபட்சத் தரம் என்று ஒரே பக்கத்தில் அடங்கும் விதிகளை வகுத்தது. மருத்துவர்கள் தகுதியும் நன்னடத்தையும் உடையவர்களாக இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை கூடித் தங்கள் வேலையைத் தாங்களே அலச வேண்டும், நோயாளியின் ஆவணங்கள் முழுமையாக இருக்க வேண்டும் என்பன போன்றவை. 1919-ல் நூறு படுக்கைகளுக்கு மேல் கொண்ட 692 மருத்துவமனைகளைப் பார்த்தார்கள். தேறியவை 89. தேறாதவற்றில் நாடறிந்த பெரிய பெயர்களும் இருந்தன. பட்டியல் பத்திரிகைகளுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று, நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலின் அடித்தள உலையில் போட்டு நள்ளிரவில் எரித்துவிட்டார்கள். எரித்தவர்களே அந்தச் சோதனையைத் தொடரவும் செய்தார்கள் என்பது வேடிக்கை. அந்த முயற்சியின் வாரிசுதான் இன்று உலகெங்கும் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் ஜாயின்ட் கமிஷன்.

அந்நாட்களில் சட்டத்தின் பார்வையில் மருத்துவமனை என்பது கட்டடமும் கட்டிலும்தான். வைத்தியத்துக்குப் பொறுப்பு மருத்துவர். இதை உடைத்தது இல்லினாய் மாநிலத்தின் டார்லிங் வழக்கு. 1960-ல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில் கால் முறிந்த 18 வயதுப் பையன். சிறு நகர மருத்துவமனையில், எலும்பு நிபுணர் அல்லாத பொது மருத்துவர் மாவுக்கட்டுப் போட்டார். கட்டு இறுக்கம். கால்விரல்கள் வீங்கிக் கறுத்து, ஜில்லிட்டு, உணர்ச்சி அற்றுப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். நிபுணரைக் கூப்பிட யாரும் வற்புறுத்தவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. தன் கூரைக்குக் கீழே யார் என்ன சிகிச்சை செய்கிறார்கள் என்று கண்காணிப்பது மருத்துவமனையின் கடமை என்று 1965-ல் தீர்ப்பு வந்தது. நம் உச்ச நீதிமன்றம் 2004-ல் சவிதா கார்க் வழக்கில் ஏறத்தாழ இதே திசையில் நின்றது. எந்த மருத்துவர் தவறு செய்தார் என்று நோயாளியின் குடும்பம் பெயர் சொல்லித் தேடித்தர வேண்டியதில்லை. அலட்சியம் நடக்கவில்லை என்று மருத்துவமனைதான் விளக்க வேண்டும் என்றது.

கடமை வந்துவிட்டது. அதைச் செய்வதில் இருக்கும் சங்கடம் போகவில்லை. ஒரு சர்ஜன் சரியில்லை என்று தெரிந்தால் பெரும்பாலான நிர்வாகங்கள் தேர்ந்தெடுக்கும் வழி, சத்தமில்லாமல் ராஜினாமா வாங்கிக்கொண்டு நல்ல கடிதமும் கொடுத்து அனுப்பிவிடுவது. இதைத் தடுக்கத்தான் அமெரிக்கா 1990 செப்டம்பரில் தேசிய மருத்துவர் தரவு வங்கியைத் தொடங்கியது. ஒரு மருத்துவரின் அனுமதியை 30 நாட்களுக்கு மேல் நிறுத்தினால் வங்கிக்கு எழுத வேண்டும். புதியவரை எடுக்கும் மருத்துவமனை வங்கியிடம் கேட்டாக வேண்டும். 30 நாட்களுக்கு மேல் என்று எழுதிய உடனேயே, 30 நாட்களைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் சாமர்த்தியமும் பிறந்துவிட்டது.

அதன் விலையைக் கொடுத்தது டாலஸ் நகரம். கிறிஸ்டோபர் டன்ட்ச் என்ற நரம்பியல் சர்ஜனின் கையில் முதுகெலும்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 2011 முதல் 2013 வரை ஒருவர் பின் ஒருவராக முடங்கினார்கள், இருவர் இறந்தார்கள். முதல் மருத்துவமனை அவரை விலகிக்கொள்ள விட்டு, குறை எதுவும் இல்லை என்ற பாங்கில் கடிதமும் கொடுத்தது. தரவு வங்கிக்குத் தகவல் போகவில்லை. அடுத்த மருத்துவமனை கதவைத் திறந்தது. ஒருவருடைய ஆபரேஷனைச் சரிசெய்யப் போன இன்னொரு சர்ஜன், நரம்புகளும் திருகாணிகளும் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, செய்தவர் உண்மையில் மருத்துவர்தானா என்று சந்தேகப்பட்டு, டன்ட்ச் படித்த இடத்துக்கு அவருடைய படத்தையே அனுப்பிக் கேட்டார். ஆள் அசல்தான். ஒரு நரம்பியல் சர்ஜன் பயிற்சிக் காலத்தில் சுமார் ஆயிரம் ஆபரேஷன்களில் பங்கெடுத்திருக்க வேண்டும். டன்ட்ச் நூறைக்கூடத் தொடவில்லை என்று பிறகு செய்தி வந்தது. 2017-ல் ஆயுள் தண்டனை. பட்டம், சான்றிதழ், பரிந்துரைக் கடிதம் எல்லாம் அசலாகவே இருந்தும் இந்த நிலை என்பதால், காகிதச் சரிபார்ப்பு மட்டும் போதாது, எத்தனை செய்தார், எப்படி முடிந்தது என்ற கணக்கும் வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைக்காது.

மறுபக்கமும் உண்டு. சக மருத்துவர்கள் கூடி ஒருவரை எடைபோடும் குழு, வேண்டாதவரை ஒழித்துக்கட்டும் ஆயுதமாகவும் மாறலாம். ஓரிகனின் அஸ்டோரியா என்ற சிற்றூரில், ஒரு கிளினிக்கை விட்டு விலகித் தனியாகத் தொழில் நடத்திய டிமதி பாட்ரிக் என்ற சர்ஜனுக்கு இது நேர்ந்தது. போட்டியாளர்களே குழுவில் உட்கார்ந்து அவருடைய அனுமதியைப் பறிக்கப் பார்த்தார்கள். வழக்கு 1988-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் பாட்ரிக் வென்றார். அதனால்தான் இப்போது நல்ல மருத்துவமனைகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்னறிவிப்பு, பதில் சொல்ல வாய்ப்பு, தேவைப்பட்டால் வெளியூர் நிபுணரின் பார்வை என்று வழிமுறை வைத்திருக்கிறார்கள்.

திறமைக்கு அடுத்தது நடத்தை. ஆபரேஷன் தியேட்டரில் கருவியை விட்டெறியும் சீஃப், நர்ஸை நோயாளியின் எதிரிலேயே திட்டும் கன்சல்டன்ட் ஆகியோரை எல்லா மருத்துவமனைகளும் அறியும். “கோபக்காரர்தான், ஆனா கை நல்ல கை” என்று அவர்களுக்கு ஒரு சமாதானம் எப்போதும் தயாராக இருக்கும். இந்தச் சமாதானம் தப்பு என்பதற்கு ஆதாரம் சேர்ந்துகொண்டே வருகிறது. திட்டுக்குப் பயந்த நர்ஸ், டோஸ் அதிகமாக இருக்கிறதே என்று சந்தேகம் வந்தாலும் ஃபோனை எடுக்க மாட்டார். 2008-ல் ஜாயின்ட் கமிஷன் இதை நோயாளிப் பாதுகாப்புப் பிரச்சினையாகவே அறிவித்து எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜெரால்ட் ஹிக்சனும் சகாக்களும் நோயாளிகளின் புகார்க் கடிதங்களை எண்ணிப் பார்த்தார்கள். புகார்களில் கணிசமான பகுதி மிகச் சிறிய எண்ணிக்கையிலான மருத்துவர்கள்மீதே குவிந்திருந்தது. அதிகப் புகார் வாங்கிய சர்ஜன்களின் நோயாளிகளுக்கு ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களும் கூடுதல் என்று 2017-ல் வந்த ஆய்வு சொன்னது.

வாண்டர்பில்ட் கண்டுபிடித்த மருந்து எளிமையானது. புகார் வந்தால் உடனே மெமோ கிடையாது. பயிற்சி பெற்ற சக மருத்துவர் ஒருவர் தனியாகச் சந்தித்து, ஒரு காபி குடித்தபடி, இப்படி ஒரு விஷயம் காதில் விழுந்தது என்று சொல்லிவிட்டு வருவார். தீர்ப்பும் இல்லை, தண்டனையும் இல்லை. பெரும்பாலோர் அத்தோடு திருந்திவிடுகிறார்கள். திருந்தாதவரிடம் அடுத்த முறை புள்ளிவிவரத்தோடு போவார்கள். அதற்கும் அசையாதவரை நிர்வாகம் கையில் எடுக்கும். நம் ஊரில் சீஃப்பிடம் போய் அந்தக் காபியைக் குடிக்கப்போவது யார் என்ற கேள்வி எழுவது நியாயமே.

பயிற்சிக்கு வந்தால், நியூயார்க்கின் லிபி சியோன் மரணத்தைத் தொடாமல் போக முடியாது. 1984 மார்ச்சில் காய்ச்சலும் நடுக்கமுமாக மருத்துவமனையில் சேர்ந்த 18 வயதுப் பெண். அவளைப் பார்த்தவர்கள் முதல், இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர்கள். முதலாம் ஆண்டுக்காரர் அந்த இரவில் இன்னும் பல நோயாளிகளைச் சேர்த்துக் கவனித்துக்கொண்டிருந்தார். மேற்பார்வை மருத்துவர் ஃபோனில். அவள் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மனச்சோர்வு மாத்திரையோடு சேரக் கூடாத பெத்திடின் ஊசி போடப்பட்டது. அமைதியிழந்தவளைக் கட்டிலோடு கட்டினார்கள். காலையில் இறந்துவிட்டாள். அவளுடைய அப்பா சிட்னி சியோன் பத்திரிகையாளர், அவர் விடவில்லை. பயிற்சி மருத்துவர்களின் பணி வாரத்துக்கு 80 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் 1989-ல் விதி கொண்டுவந்தது. 2003-ல் அது நாடு முழுவதற்கும் பரவியது.

நேரத்தைக் குறைத்தால் தவறு குறையும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 117 அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களை வைத்து 2016-ல் வெளியான ஆய்வில், ஷிஃப்ட் நீளத்தில் கொஞ்சம் நெகிழ்வு கொடுத்த இடங்களிலும் நோயாளிகளின் இறப்பு கூடவில்லை. டூட்டி மாறும்போதெல்லாம் நோயாளியைப் பற்றிய தகவல் கை மாற வேண்டியிருக்கிறது. அங்கே சிந்துவது அதிகம். அந்தக் கைமாற்றத்தை வரிசையாக, எழுதி, திருப்பிச் சொல்லச் சொல்லிச் செய்தபோது தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக ஒன்பது மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2014-ல் காட்டியது. நியூயார்க் விதிகளை வகுத்த குழுவின் தலைவர் பெர்ட்ரண்ட் பெல்லும் மணிக்கணக்கைவிட மேற்பார்வையையே முக்கியமாகக் கருதினார். இரவு இரண்டு மணிக்கு இளையவர் கூப்பிட்டால் மூத்தவர் எழுந்து வருகிறாரா என்பதுதான் அவருடைய கவலை.

நம் பி.ஜி. மாணவர்களைக் கேட்டால் 80 மணி என்றதும் சிரிப்பார்கள். வாரத்துக்கு 48 மணி, தொடர்ந்து 12 மணிக்கு மேல் கூடாது என்று 1992-லேயே மத்திய அரசின் ரெசிடென்சி திட்டம் சொல்லிவிட்டது. 2023-ன் முதுநிலை மருத்துவக் கல்வி விதிகளோ நியாயமான பணிநேரம், நியாயமான ஓய்வு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. எது நியாயம் என்பதை யூனிட் சீஃப் முடிவு செய்கிறார். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட வழக்கை விசாரிக்கும்போது, 36 மணி நேர டூட்டிகளைப் பற்றி உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவிக்க வேண்டியதாயிற்று.

சர்ஜன் ஆனபிறகும் கற்றல் நிற்பதில்லை. புது ஆபரேஷனைக் கற்கும் காலத்தில் அதற்கான விலையை யாரோ கொடுக்கிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அதைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். இதய ஆபரேஷனில் அங்கே இறப்பு அதிகமாக இருப்பதை மயக்க மருத்துவர் ஸ்டீஃபன் போல்சின் கணக்கெடுத்துச் சொன்னார், கேட்பாரில்லை. 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறந்தார்கள் என்று 2001-ல் கென்னடி விசாரணை அறிக்கை சொன்னது. போல்சின் அதற்குள் ஆஸ்திரேலியாவுக்கே குடிபெயர்ந்துவிட்டார். இன்று பிரிட்டனில் மருத்துவர் ஒவ்வொருவரும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தன் தகுதியை மீண்டும் நிரூபிக்க வேண்டும். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது.

இந்தியாவில் மாநில கவுன்சில் கொடுக்கும் பதிவு, ஒருவர் மருத்துவர் என்பதையும் என்ன பட்டம் பெற்றவர் என்பதையும் சொல்லும். எந்த ஆபரேஷனை எங்கே செய்யலாம் என்று அதில் இருக்காது. அது மருத்துவமனையின் வேலை. தரச்சான்று தரும் என்.ஏ.பி.ஹெச். அமைப்பின் விதிகளில் கிரெடென்ஷியலிங்கும் பிரிவிலேஜிங்கும் கட்டாயம். அந்தச் சான்றுக்கு விண்ணப்பிப்பது கட்டாயமில்லை என்பதால், இந்தக் கட்டாயம் நாட்டின் மருத்துவமனைகளில் ஒரு பகுதியோடு நின்றுவிடுகிறது. 2002-ன் நடத்தை விதிகள் ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன. பல அரங்குகளில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டோடு கிளம்பினாலும் மணிக்கணக்கு ஏறிவிடும்.

2025-ல் மத்தியப் பிரதேசத்தின் தமோவில் நடந்தது, இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று காட்டியது. பிரிட்டனின் புகழ்பெற்ற இதய மருத்துவர் ஒருவரின் பெயரைத் தழுவிய பெயரோடு வந்த ஒருவர், அங்குள்ள மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம், ஆஞ்சியோபிளாஸ்டி செய்திருக்கிறார். சிகிச்சை பெற்றவர்களில் ஏழு பேர் இறந்ததாகப் புகார் எழுந்து, தேசிய மனித உரிமை ஆணையம் விசாரித்து, ஏப்ரலில் அவர் பிரயாக்ராஜில் கைதானார். சான்றிதழ்கள் போலி என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. ஏஜென்சி மூலம் வந்தவர் என்பது மருத்துவமனையின் விளக்கம். நீதிமன்றம் முடிவு செய்யட்டும். இதய ரத்தக்குழாய்க்குள் கம்பி செலுத்தப் போகிறவரின் பதிவு எண்ணை கவுன்சிலிடம் கேட்டுச் சரிபார்க்க நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை.

தரமான மருத்துவமனைகளில் எந்த மருத்துவர் எதைச் செய்யலாம் என்ற பட்டியல் தியேட்டரிலும் ஐ.சி.யூ.விலும் நர்ஸ்களின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பட்டியலில் இல்லாத ஆபரேஷனுக்கு ஒரு சீனியர் ஸ்லாட் கேட்டால், “சார், இது உங்க லிஸ்ட்ல இல்லையே, சூப்பரின்டென்டென்ட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்” என்று தியேட்டர் சிஸ்டர் சொல்லலாம். சொல்லிவிட்டு அடுத்த மாதமும் அதே தியேட்டரில் வேலை பார்க்க முடிகிறதா என்பதைப் பொறுத்தது அந்தப் பட்டியலின் மதிப்பு.

நோயாளியின் கையிலும் சில விஷயங்கள் உண்டு. மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002-ன் விதி. அந்த எண்ணை மாநில கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். நியூயார்க் மாநிலத்தில் இதய பைபாஸ் சர்ஜன் ஒவ்வொருவரின் முடிவுகளும் 1990-களின் தொடக்கம் முதல் பொதுவெளியில் இருக்கின்றன. ‘நியூஸ்டே’ பத்திரிகை வழக்குப் போட்டு வாங்கிய உரிமை அது. இங்கே அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஆகவே வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும்: இந்த ஆபரேஷனை இந்த மருத்துவமனையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், இரவில் சிக்கல் வந்தால் யார் வருவார்கள், இங்கே முடியாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள்?